பேட்டரிக்கு ஆயுசு கெட்டி, மாப்பிள்ளை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு.

அன்பும் பண்பும் அதைவிட அவசரமும் நிறைந்த மாப்பிள்ளை அருண்பிரசாத் அவர்களுக்கு, மாமனார் சடையன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது என்னவென்றால், அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் உங்கள் மாமியார் சரசுவும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் நந்தினியும் பேத்தி கவியாவும் மும்பை மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சரசு கேட்கச் சொன்னாள். எந்தக் குரலில் கேட்கச் சொன்னாள் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா என்கிறீர்கள். சரியென்று வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பினால், அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்றும், நான் கோபமாகப் பேசும் இடங்களில் கவியா விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்றும் நந்தினி சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்து, வரப்புத் தகராறில் அரிவாளோடு நின்றவர்களையெல்லாம் வாய்ப்பேச்சிலேயே உட்கார வைத்தவன் நான். என் பேச்சு மும்பையில் எலி கத்துவது போலக் கேட்கிறது என்றால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும். கடிதத்தை யாரும் வேகமாக ஓட்ட முடியாது. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீங்கள் ஒரு செய்தி அனுப்பினீர்கள். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு விசாரிப்பு கிடையாது. காரின் பேட்டரிக்கு எட்டு வருட கேரண்டி, அது அடுத்த மாதம் முடிகிறது, முடிந்த பிறகு வண்டியை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள், சென்னையிலிருந்து நண்பர் வளவன் மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வார், ஆர்.சி. புக்கை எடுத்து வையுங்கள் மாமா, அவ்வளவுதான். மாப்பிள்ளை, தயவுசெய்து காரை விற்க வேண்டாம். வண்டி உங்களுடையது, வாங்கியது நீங்கள், விற்கும் உரிமையும் உங்களுடையது, இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி எட்டு வருடத்தில் செத்துவிடும் என்று நீங்கள் சொன்னதை மறுக்கிறேன். ஆறு மாதமாக இதைப் பற்றி விசாரித்து, அலைந்து, அசிங்கப்பட்டு, நடு ரோட்டில் கற்பூர ஆராத்தி வரை வாங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்த ஆராத்தி விவகாரத்தை இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன். இப்போது வேறு வழியில்லாமல் சொல்லப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் மும்பைக்கு மாற்றலாகிப் போகும்போது, அங்கே கார் நிறுத்த இடமில்லை என்று இந்த ஹைபிரிட் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டீர்கள். பெட்ரோலும் குடிக்கும், கரண்டிலும் ஓடும், ஆனால் சுவரில் செருகிச் சார்ஜ் போட வேண்டாம், ஓடும்போது தானே ஏற்றிக்கொள்ளும் என்று விளக்கினீர்கள். எனக்குப் பாதி புரிந்தது. பின் சீட்டோடு ஒட்டி ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டாவிட்டால் அது வீணாகிவிடும் என்று கடைசியில் சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டுமென்றால் இந்த ஊரில் ஒரே வழிதான். மலையைச் சுற்ற வேண்டியதுதான். பதினான்கு கிலோமீட்டர், முப்பது வேகத்தில் போனால் இருபத்தெட்டு நிமிடம், குரங்குகளுக்கு இரண்டு நிமிடம். திங்கட்கிழமை தோறும் காலையில் நானும் சரசுவும் கிளம்பிவிடுவோம். ஊரே செருப்பில்லாமல் நடந்து சுற்றுகிற மலையை நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு சுற்றுகிறோமே, இதில் வரும் புண்ணியம் எனக்கா, பேட்டரிக்கா, வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் உங்களுக்கா என்று ஒரு குருக்களிடம் கேட்டேன். அர்ச்சனைக்கு வந்தீர்களா, சந்தேகம் கேட்க வந்தீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மெதுவாகப் போகும்போது இன்ஜின் அணைந்து வண்டி கரண்டில் ஓடுகிறது. சத்தம் என்பதே கிடையாது. ஒரு நாள் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் நடு ரோட்டில் மௌனமாக நடந்து போனார். நாங்களும் அவருக்குப் பின்னால் மௌனமாக ஊர்ந்தோம். ஹாரன் அடித்தால் தியானம் கலைந்துவிடும் என்று சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் கிலோமீட்டர் இப்படியே போனோம். ஏதோ தோன்றி அவர் திரும்பிப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் ஒரு முழுக் கார் நிற்பதைப் பார்த்து அலறினார். அவர் எட்டு மாதமாக மௌன விரதத்தில் இருந்தாராம். பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தை மாதம் நீங்கள் போனில், பேட்டரிக்கு எட்டு வருஷம்தான் கேரண்டி மாமா, இந்த ஆவணியோடு சரி என்று வாயைத் திறந்தீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பொருளின் ஆயுசு தெரியாமல் அதை எப்படி ஓட்டுவது? வேலூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேட்டேன். டை கட்டிய ஒருவர், எட்டு வருஷம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர், எது முந்துதோ அது என்றார். அதற்குப் பிறகு என்று கேட்டேன். அதுக்கப்புறம் கடவுள் விட்ட வழி சார் என்றார். ஆசிரமத்துப் பக்கம் டாக்சி ஓட்டும் முருகையன், தன்னுடையதும் இதே வண்டிதான், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, அதே பேட்டரிதான் என்று என் தோளில் தட்டினார். எங்கள் எதிர்வீட்டுக்காரர் நெட்டில் பார்த்துவிட்டு மூன்றே வருஷம் என்று அடித்துச் சொல்லி எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்தார். அவர் பார்த்தது செல்போன் பேட்டரியைப் பற்றி என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ஆளாளுக்கு ஒரு கணக்கு. எங்கள் துறையில் ஒரே நிலத்துக்கு இத்தனை அளவு வந்தால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மறு அளவைக்குக் கிளம்பிவிடுவோம். பேட்டரிக்கு மறு அளவை செய்யத் தெரிந்தவர் யார் என்று யோசித்தேன். நேராக ஜோசியர் காசியிடம் போனேன்.

சிரிக்காதீர்கள். ஆயுள் கணிப்பதில் காசி கெட்டிக்காரர் என்று ஊரில் பேர். அவரால் கணிக்கப்பட்ட நாலைந்து பேர் சொன்ன வருடத்துக்குள் கச்சிதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சங்கூட அசரவில்லை. ஜாதகருக்குப் பிறந்த தேதி, நேரம், ஊர் வேண்டும் என்றார். தேதி ஆர்.சி. புக்கில் இருக்கிறது. ஊரும் நேரமும்தான் சிக்கல். பேட்டரி பிறந்தது ஏதோ வெளிநாட்டில், எந்த ஊர் என்று தெரியாது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து பேட்டரி எந்த ஊர்ல பொறந்துச்சு என்று கேட்டதில் இருந்து அவர்கள் என் நம்பரை எடுப்பதில்லை. கடைசியில், நீங்கள் வண்டி டெலிவரி எடுத்தபோது நந்தினி எடுத்த போட்டோவில் சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. அதையே ஜனன நேரமாகவும், டெலிவரி எடுத்த ஊரையே பிறந்த ஊராகவும் வைத்துக் கட்டம் போட்டார். எட்டாம் இடத்தில் சனி, தீர்க்காயுசு, ஆனால் எட்டாவது வயசில் காற்றால் ஒரு கண்டம் இருக்கிறது என்றார். பரிகாரமும் சொன்னார். பதினொரு வெள்ளிக்கிழமை காருக்குள்ளே கதவுகளை மூடிக்கொண்டு சாம்பிராணி போட வேண்டும், பேட்டரிக்கு மிக அருகில் திருநீறு தூவ வேண்டும்.

பரிகாரத்தில் நான் குறை வைக்கிறவன் இல்லை. ஏசியைப் போட்டால் புகை நன்றாகச் சுழலும் என்று ஏசியும் போட்டேன். பேட்டரிக்கு மிக அருகில் எது என்று டேப் வைத்து அளந்து பார்த்தேன். பின் சீட்டின் ஓரத்தில் சின்னதாக வலை போட்ட ஒரு திறப்பு இருந்தது. கையை அருகில் கொண்டுபோனால் காற்றை உள்ளே இழுத்தது. திருநீற்றை ஒரு சிட்டிகை காட்டினேன். சர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிரசாதத்தை ஏற்றுக்கொள்கிறதே என்று வாராவாரம் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். சரசு ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தலைவலி வந்தபோது ஒரு நாளாவது இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தது உண்டா என்று கேட்டாள். நான் மந்திரத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

பதினோராவது வெள்ளி முடிந்து அடுத்த திங்கட்கிழமை சித்திரைப் பௌர்ணமி. அன்று கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விடிந்தும் விடியாமல் கிளம்பினால் கூட்டம் சேருவதற்குள் சுற்றிவிட்டு வந்துவிடலாம், பரிகாரம் முடிந்த கையோடு ஒரு வாரம் தவறக்கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு முக்கோணம் எரிந்தது, ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார் என்று எழுத்து வேறு ஓடியது. தமிழ்செல்வி என்ற அம்மாவின் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் இறங்கினோம். சாவி செருகாமல் பட்டனில் அணைக்கிற, சத்தமில்லாத வண்டி அணைந்திருக்கிறதா அணையவில்லையா என்று எப்படித் தெரியும்? ஏசி வேறு ஓடிச் சார்ஜைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, அவர்கள் எடுக்காமல், சரசுவின் போனிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே ஒருத்தருமில்லாத கார், தானாக உறுமிக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தது.

பக்கத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். இன்னொரு அம்மா பானெட்டில் குங்குமம் வைத்தாள். தமிழ்செல்வி கல்லாப் பெட்டிச் சாமிக்கு வைத்திருந்த கற்பூரத்தைக் கொண்டுவந்து காருக்கு ஏற்றினாள். இரண்டு நிமிடம் கழித்து கார் தானாகவே அமைதியானதும் கூட்டம் இரட்டிப்பானது. இது எந்தச் சாமியாருடைய கார் என்று சரசுவிடம் கேட்டார்கள். மும்பையில் இருக்கிறாரே எங்கள் மாப்பிள்ளை, அவருடையது என்று அவள் உண்மையைத்தான் சொன்னாள். மும்பையில் உங்கள் மடம் எந்தப் பக்கம் என்று கேட்டு இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். உங்கள் பெயரில் ஒன்பது தேங்காய் உடைந்தது. யாராவது வந்து கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்ளாமல் ஆசீர்வாதம் செய்து அனுப்பிவிடுங்கள்.

இதற்கிடையில் சர்வீஸ் சென்டர் போனை எடுத்தது. நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, பேட்டரி போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும் என்றார்கள். இழுத்துப் போகிற வண்டி பௌர்ணமி முடிந்துதான் வரும் என்றார்கள். ஒரு கான்ஸ்டபிள் வந்து, எட்டு மணிக்குள் வண்டி நகராவிட்டால் கிரேன்தான் என்றார். லட்சக்கணக்கில் ஜனம் வரப்போகிற ரோட்டில், உங்கள் காரை வைத்துக்கொண்டு, நெற்றியில் யாரோ பூசிவிட்ட குங்குமத்தோடு நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேட்டரிக்காக அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

செங்கம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் நசீருதீன் பாய்க்குப் போன் செய்தது சரசுதான். வண்டி விடமாட்டார்கள் என்பதால் அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு கிலோமீட்டர் கூட்டத்தோடு நடந்தே வந்தார். வழியில் அன்னதானக்காரர்கள் அவரை விடவில்லை. இரண்டு பொட்டலம் புளியோதரையும் ஒரு டம்ளர் மோருமாக வந்து சேர்ந்தார். வந்தவர் பேட்டரியைத் தொடவே இல்லை. பின் சீட்டு ஓரத்தில் இருந்த அந்த வலையைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். விரல் முழுக்கத் திருநீறு. அதற்குப் பின்னால் சாம்பிராணிப் பிசுக்கு, ரெண்டு மல்லிகைப் பூ, கொஞ்சம் வேர்க்கடலைத் தோல்.

“சார், பேட்டரி ஒண்ணும் சாவல. இது வழியாதான் அதுக்குக் காத்து போவணும். மூச்சு முட்டிக்கிச்சு, சூடாயிடுச்சு, அவ்ளோதான்” என்றார். “உள்ள யாரு இவ்ளோ திருநீறு போட்டது?”

நான் மலையைப் பார்த்தேன். சரசு என்னைக் கைகாட்டினாள்.

பாய் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்தார், சைக்கிள் பம்ப்பை வாங்கி ஊதினார், சூடு தணிய விட்டார், கையடக்கமான ஒரு கருவியைச் சொருகி ஏதோ செய்தார். சிவப்பு முக்கோணம் மறைந்தது. கண்டம் காற்றால்தான் வரும் என்று காசி சொன்னது பலித்துவிட்டது பாருங்கள் என்றேன். பாய் இரண்டாவது புளியோதரையைப் பிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதுதான் ஆறு மாதத்தில் என் காதில் விழுந்த ஒரே தெளிவான பேச்சு. கம்பெனி எட்டு வருஷம் என்பது கம்பெனியுடைய பயமாம், பேட்டரியுடைய ஆயுசு இல்லையாம். ஒழுங்காக ஓட்டினால் பத்து, பன்னிரண்டு, பதினைந்து கூட வருமாம். ஓட்டாமல் நிறுத்தினால்தான் கெடும், நம் ஊரில் வெயில் ஜாஸ்தி, அதனால் நிழலில் விடணும், காற்றுப் போகிற வழியை அடைக்கக் கூடாது. உள்ளே சின்னச் சின்னதாக நிறைய பேட்டரிகள் சேர்ந்து இருக்கிறதாம், ஒன்றிரண்டு வீக் ஆனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். இத்தனை வருஷம் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டேன். அது எப்போதும் வயிறு முட்டச் சாப்பிடாது, பட்டினியும் கிடக்காது, நடுவிலேயே நிற்கும், அதனால்தான் என்றார். கேட்டுக்கொள்ளுங்கள் என்று சரசு என் வயிற்றைப் பார்த்தாள். ஏழு ஐம்பதுக்கு வண்டியைக் கிளப்பினோம். ஆந்திராக்காரர்கள் வழிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஆக, பேட்டரி நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நான் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் கார் ஏன் வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கடைக்குப் போக ஸ்கூட்டர் இருக்கிறதே மாமா என்பீர்கள். அந்த ஸ்கூட்டரில்தான் வினையே. எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிறது. அதில் முப்பத்து நாலு வருடம் ஸ்கூட்டர்தான். வீட்டில் என் அப்பா, அம்மா, மூன்று தம்பிகள், பிறகு நந்தினி. ஆகவே சரசு என்னிடம் எதையாவது தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் சொல்வாள். எனக்கு முன்னால் காற்று, காதில் ஹெல்மெட், கீழே சைலன்சர். ஒரு வார்த்தை கேட்காது. குழியில் ஏறி இறங்கும்போது என் தலை ஆடும். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொள்வாள். முப்பத்து நாலு வருடம் இப்படித்தான் நாங்கள் ஒற்றுமையாக வாழ்ந்தோம்.

உங்கள் காரில் முதல் இரண்டு வாரம் அவள் பேசவில்லை. மூன்றாவது வாரம் வண்டியில் சத்தமே இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கல்யாணம் நடந்த எண்பத்தொன்பதிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வருடத்தையும் விடாமல், வரிசையாக. தொடக்கத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மறைப்பானேன். எல்லாமே என்னைப் பற்றிய புகார்தான், எல்லாமே ஆதாரத்தோடு. போகப் போகத் திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. அவளுக்கு இவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்றே எனக்குத் தெரியாது. என் பெரிய தம்பியைப் போலப் பேசிக் காட்டினாள் பாருங்கள், வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தேன். சித்திரைப் பௌர்ணமியன்று நடு ரோட்டில் எனக்கு அழுகை வந்தது எதற்கு என்றால், பேட்டரி போனால் இது போய்விடுமே என்றுதான்.

ஆடி மாதம் தொண்ணூற்றாறுக்கு வந்தோம். அப்போது நாங்கள் சேத்துப்பட்டில் இருந்தோம். அவளுக்குச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. சேருவதற்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள், போளூர் ரோட்டில் போகும்போது, சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் தலையாட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றவளிடம், யாரைக் கேட்டுக் கிளம்பின, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பதில் பேசாமல் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

“சரினு தலையாட்டிட்டு மறுநாளு இல்லனுட்டீங்க” என்றாள் காரில்.

குபேர லிங்கம் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். “எனக்கு ஒண்ணும் கேக்கல சரசு. ரோடு குழி. அதான் தலை ஆடுச்சு” என்றேன்.

அவள் அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நீ போகவிட்டிருப்பாயா என்று என் மனசே என்னைக் கேட்டது. அடுத்த திங்கட்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்துத் தனியாகத்தான் வண்டியை எடுத்தேன். வந்து முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, “தொண்ணூத்தேழுல” என்று ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை, இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் ஒன்பது வருடம் கேட்டிருக்கிறேன். போன வாரம் தொண்ணூற்றெட்டில் நின்றிருக்கிறோம். இன்னும் இருபத்தேழு வருடம் பாக்கி. அதற்கு ஆறு வருடம் வேண்டும். அந்த ஆறு வருடத்தில் நான் புதிதாகச் செய்யப்போகிற தப்புகளைச் சொல்ல இன்னும் ஒன்றரை வருடம். ஆக மொத்தம் பேட்டரி பதினாறாவது வயசு வரை இருந்தாக வேண்டும். பாய் பதினைந்து என்கிறார், ஒரு வருடத்தை நான் நிழலில் நிறுத்திச் சமாளித்துக்கொள்கிறேன். வளவன் தம்பியிடம் ஏதாவது நல்ல காரணமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். மாமனார் காலில் விழுந்தார் என்றுகூடச் சொல்லுங்கள், பரவாயில்லை.

கவியாவுக்கு என் முத்தம். நந்தினிக்கு ஆசீர்வாதம். நீங்கள் பதவி உயர்வும் கார் நிறுத்த இடமும் பெற்று, நோய் நொடியின்றி, அளவாகச் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ அண்ணாமலையாரை வேண்டுகிறேன். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
க. சடையன்
(நில அளவர், ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சரசு கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். தேங்காய் ஒன்பது இல்லை, ஏழு என்றாள். பிறகு எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினாள்.

“வேல போனதுக்கு நான் அழுதது ஒரு வாரந்தான். நீங்க வாக்கு மாறிட்டீங்கனு நெனச்சுதான் இத்தன வருஷமா மனசு ஆறல. அது அன்னிக்கிக் கார்லயே ஆறிடுச்சு. பேசறதுக்கு எதுக்குங்க காரு? இந்தப் பொட்டிய நிறுத்திட்டு எதுர்ல வந்து உக்காந்தா பத்தாதா?” என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அது காலை பத்து மணிக்கு. இப்போது மாலை ஐந்து. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தாராளமாகக் காரை விற்றுவிடுங்கள். பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று வளவன் கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள், எனக்கு இனி அந்தக் கவலை இல்லை. இந்த வேகத்தில் போனால் நாளை மறுநாள் கதை உங்கள் கல்யாணத்துக்கு வந்துவிடும் போலிருக்கிறது. அன்று பந்தியில் உங்கள் அம்மா பேசியதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறாள். இப்போது 2003-இல் இருக்கிறோம். டீ போடத்தான் எழுந்து போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதுகிறேன். அவசரமென்றாலும் போன் செய்ய வேண்டாம்.